செத்த வாய் பேசணும்

யாராவது என்னைப் பேசச் சொன்னாலே இப்பல்லாம் எனக்கு அலுப்பா வருது. தோல்பாவைக்கூத்துல ராணி அழுதா நான் அழணும், தோழி சிரிச்சா நான் சிரிக்கணும், கிழவி இருமினா நான் இருமணும். திரையில பொம்பளை உருவம் எது வந்தாலும் அதுக்கு வாய் நான்தான். ஆம்பளை உருவம் அத்தனைக்கும் எங்க வீட்டுக்காரக வாய். கல்யாணமான நாள்லேருந்து எங்களுக்குள்ள இருந்த பங்கு அதுதான். அந்தப் பங்கு எப்படி மாறிப்போச்சுன்னு ஊர் ஊருக்குக் கேக்காக. ஒரு தடவை முழுசாச் சொல்லித் தொலைச்சிட்டா பெறகு யாரும் கேக்க மாட்டாகள்லா, அதுக்குத்தான் சொல்லுதேன்.

நாங்க வீட்டுக்குள்ள பேசுறது மராட்டி. திரையில பேசுறது தமிழ். கோவம் வந்தா எங்க ரெண்டு பேருக்கும் தமிழ்தான் வரும், அதனால எங்க குடித்தனத்துல பாதி தமிழ்லதான் நடந்துச்சு. திருநெல்வேலி ஆத்தங்கரை ஓரமா ஒரு குச்சுவீடு, ஒரு மாட்டு வண்டி, ஒரு பெட்டி நெறைய ஆட்டுத்தோல் பாவைகள், மத்தளம் அடிக்க என் கொழுந்தன். அவ்வளவுதான் எங்க சொத்து. அறுப்பு முடிஞ்ச ஊரா வண்டியைக் கட்டிக்கிட்டுப் போவோம்.

எல்லாம் ஒழுங்காத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. ஒரு வருசம் ஆத்து மணல்ல கூடாரம் போட்டு பயாஸ்கோப்புக்காரன் வந்து எறங்கினான். வெள்ளைத் துணியில குதிரை ஓடுதாம், ரயில் வருதாம், வெள்ளைக்காரி தொப்பியைக் கழட்டுதாளாம். பாத்துட்டு வந்தவன் எல்லாம் எங்ககிட்ட வந்து, "உங்க குதிரை ஏன் அண்ணாச்சி நின்ன எடத்துலயே நிக்குது?"ன்னு கேக்க ஆரம்பிச்சான். எங்க வீட்டுக்காரக மொகம் செத்துப்போச்சு. ரெண்டு மூணு நாளு சரியாச் சோறு திங்கல. பெறகு ஒரு காலையில எந்திரிச்சு உக்காந்து, "ஏட்டி, கிளிக்கதை போடுவோம். பேண்டு வச்சுப் போடுவோம்"ன்னாக.

கிளிக்கதை ஒங்களுக்கே தெரியும். ராசகுமாரியை அரக்கன் தூக்கிட்டுப் போயி கோட்டையில அடைச்சு வச்சிருக்கான். அவன் உயிரு அவன் உடம்புல இல்ல. ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள்ள இருக்கு. ராசகுமாரி நைசாப் பேசி அந்த ரகசியத்தை வாங்கிருதா. ராசகுமாரன் போயி கிளி கழுத்தைத் திருகுதான். அரக்கன் சாகுதான், கல்யாணம் நடக்கு. தொட்டில் பிள்ளைக்கும் தெரிஞ்ச கதையை எவன் வந்து பாப்பான்னு நான் கேட்டேன். "தெரிஞ்ச கதையைத் தெரியாத மாதிரி காட்டணும்ட்டி. அதுலதான் இருக்கு சூட்சுமம்"ன்னாக. வாய்க்கு மட்டும் கொறைச்சல் இல்ல அவுகளுக்கு.

வாய்னு சொன்னேன் பாருங்க, அந்த வாயைத்தான் சொல்லணும். நரியா ஊளையிடுவாக, ராசாவா உறுமுவாக, பச்சப்பிள்ளையா மழலை பேசுவாக. அரக்கன் குரல் மட்டும் தனி. வயித்துக்கு அடியிலேருந்து எடுத்து, தொண்டையில போட்டு அரைச்சு, வெளியே விடுவாக. முன்வரிசைப் பிள்ளைக எல்லாம் எந்திரிச்சு அம்மா மடிக்கு ஓடிரும். அரக்கன் சாகுற கத்தலைக் கேக்கதுக்குன்னே பக்கத்து ஊர்லேருந்து வண்டி கட்டிக்கிட்டு வருவாக. அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் எங்க அப்பாவே என்னைக் கட்டிக்குடுத்தாகன்னு வீட்டுல கேலி பேசுவாக.

அந்தக் கத்தலுக்குப் பின்னால ஒரு வழக்கம் உண்டு. எங்க மாமனார் காலத்துலேருந்து வாறது. திரையில ஒரு உருவம் செத்துச்சுன்னா, அதுக்குக் குரல் குடுத்த ஆளே உடனே கோமாளிப் பாவையைக் கையில எடுத்து, "நான் சாவல வே, இங்கனதான் இருக்கேன்"னு சொல்லிரணும். சொன்னாத்தான் சாவு திரையோட போகும். சொல்லாம வெளக்கை அணைச்சா அது அந்த ஆளு கூடவே வீட்டுக்குப் போயிரும்னு எங்காளுகளுக்குப் பயம். பாக்க வாற சனங்களுக்கும் இது அத்துப்படி. கோமாளி வந்து பேசாம எவனும் பாயைச் சுருட்ட மாட்டான்.

பேண்டுக்கு ஆளு பாளையங்கோட்டையில கெடைச்சாரு. வேதக்காரரு. வேதக்கோயில்ல ஞாயித்துக்கிழமை பித்தளைக் குழல் வாசிப்பாரு, மத்த நாளு கல்யாண ஊர்வலத்துக்குப் போவாரு. தூத்துக்குடியில கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போயி, அங்கன வெள்ளைக்காரங்க டான்சு ஆடுற ஓட்டல்ல சில காலம் வாசிச்சிருக்காரு. கப்பல்ல வந்த யாரோ ஒரு கறுப்பு மாலுமிகிட்ட ஒரு தினுசு வாசிப்பு பழகியிருக்காரு. அது எப்படி இருக்கும்னா, தாளம் இங்கன விழணும்னு நாம காத்துக்கிட்டு இருப்போம், இவரு அங்கன விழ விடாம இழுத்துட்டுப் போயி, நாம அசந்த நேரமாப் பாத்துப் போடுவாரு. என் கொழுந்தன் மத்தளத்தை வச்சுக்கிட்டு மொதல் நாளு அழாத கொறைதான். "அண்ணாச்சி, நீரு எங்க போறேருன்னு சொல்லிட்டுப் போவும்"ன்னான். "எனக்கே போன பெறகுதான் தெரியும் தம்பி"ன்னாரு அவரு.

நல்ல மனுசன். என்னைத் தங்கச்சின்னுதான் கூப்பிடுவாரு. சிரிச்சுக்கிட்டே இருப்பாரு. பேண்டு வந்ததும் கூட்டம் வந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா பித்தளைக்கு மேல பேசணும்னா தொண்டை என்னத்துக்கு ஆகும்? போதாக்கொறைக்கு, பயாஸ்கோப்பு மாதிரி வெளிச்சம் வேணும்னு தேங்கெண்ணெய் விளக்கை மாத்திச் சீமெண்ணெய் விளக்கு வச்சாக. திரைக்குப் பின்னால பொகை எழும்பி அண்ணாக்குல ஒட்டும். நான் தலையில துணியைப் போட்டு மூக்கை மூடிக்கிடுவேன். அவுக கத்தணுமே, எங்க மூடுறது? ரெண்டு அறுப்புக் காலம் அப்படியே ஓடுச்சு. மொதல்ல காலையில குரல் வர நேரமாச்சு. பெறகு மத்தியானம் வரைக்கும் வராது. பெறகு ஒருநாளு எச்சி துப்பினப்ப ரத்தம் இருந்துச்சு.

மேலப்பாளையத்துல ஒரு ஹக்கீம் இருந்தாரு. வாயைத் தொறக்கச் சொல்லிப் பாத்துட்டு அவுககிட்ட ஒண்ணும் சொல்லல, என்னைப் பாத்துத்தான் சொன்னாரு. "அம்மா, மழைக்காலம் வர்ற வரைக்கும் இவரு வாயைத் தைச்சுப் போடு. சும்மா இருந்தாருன்னா தொண்டை திரும்பும். நடுவுல ஒரு தடவை கத்தினாருன்னா இருக்கதும் போயிரும், பெறகு எங்கிட்ட கூட்டிக்கிட்டு வராதே." அவுக தலையை ஆட்டிக்கிட்டு வந்தாக. ஆட்டின தலையை எனக்குத் தெரியாதா? பாலம் தாண்டலை, "பத்தமடைப் பக்கத்து ஊருக்குக் கூத்துப் போடுதோம்னு வெத்தலை பாக்கு வாங்கியாச்சேட்டி"ன்னு முணுமுணுத்தாக.

வெத்தலை பாக்கு வாங்கிட்டா வாங்கினதுதான். போகாம இருக்க முடியாது. திரைக்குப் பின்னால வாயைத் தொறக்கக் கூடாதுன்னு நான் ஒரே ஒரு சத்தியம் வாங்கினேன். ராசகுமாரன், ராசா, மந்திரி எல்லாத்துக்கும் கொழுந்தன் பேசட்டும். அரக்கனை மட்டும் என்ன செய்யன்னு தெரியல. கொழுந்தன் அரக்கனாப் பேசினா சளி பிடிச்ச கன்னுக்குட்டி கத்துற மாதிரி இருக்கும். அவுகளுக்கே சிரிப்பு வந்துச்சு, சிரிக்கக் கூடாதுன்னு அவுக வாயைப் பொத்தினேன்.

ஊருக்குப் போயி எறங்கி, வாய்க்கால் கரையில கஞ்சி காய்ச்சித் தொவையல் அரைச்சுக்கிட்டு இருந்தேன். குழல்காரரு பக்கத்துல உக்காந்து சும்மா ஊதிக்கிட்டு இருந்தாரு. நான் தேங்காய் துருவிட்டுப் போட்ட சிரட்டையை எடுத்தாரு. குழல் வாயில வச்சு மூடினாரு, தொறந்தாரு, மூடினாரு. எனக்குக் கையில இருந்த அகப்பை விழுந்துச்சு. உள்ள ஒரு ஆளு உக்காந்து பேசுறான். வார்த்தை இல்ல, ஆனா பேச்சு. கோவமாக் கேக்கான், பெறகு கெஞ்சுதான், பெறகு கொட்டாவி விடுதான்.

"தங்கச்சி, இவனை அரக்கனா வச்சுக்கிடலாமா?"ன்னாரு.

"அவன் சொல்லுறது எவனுக்கு விளங்கும்?"ன்னு கேட்டேன்.

"ஒனக்கு விளங்கின மாதிரி நீ திருப்பிக் கேளு. சனத்துக்கும் விளங்கிரும்."

அன்னைக்குக் கருக்கல்ல கூத்தை ஆரம்பிச்சோம். அரக்கன் பாவை திரையில வருது, எங்க வீட்டுக்காரக கையிலதான் ஆடுது, வாய் மூடியிருக்கு. சிரட்டைக்குள்ளேருந்து குழல் உறுமுது. நான் ராசகுமாரியா, "என்னது, இன்னும் சோறு திங்கலியான்னா கேக்கே? தூக்கிட்டு வந்த மறுநாளே இப்படி அக்கறையா?"ன்னேன். ஊரே கொல்லுன்னு சிரிச்சுச்சு. அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டாக. அரக்கன் என்ன உறுமினாலும் என் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருப்பாக. அவன் ரகசியம் சொல்லுற எடம் வந்தப்ப, குழல் அப்படியே பதுங்கிப் பதுங்கிப் பேசுச்சு. "ஏழு கடலுக்கு அங்கிட்டா? கிளிக்குள்ளயா? ஏன்யா, பத்திரமா வைக்கதுக்கு வேற எடமே கெடைக்கலியா?"ன்னேன். தாளம் விழுற எடம் தப்பித் தப்பி விழுது, அதுக்கு ஏத்த மாதிரி அவுக அரக்கன் தோளைக் குலுக்குதாக. பாவை உண்மையிலேயே மூச்சு விட்டுச்சு. பயாஸ்கோப்பாவது மண்ணாவது.

எனக்குச் சந்தோசமா இருந்துச்சு, மறைக்க என்ன இருக்கு? கூத்து நல்லா நடந்ததுக்கு இல்ல. அவுக வாய் சும்மா இருந்துச்சே, அதுக்கு. கருப்பட்டியும் சுக்கும் தட்டிப்போட்ட வென்னியை மணிக்கொருதரம் குடிக்கக் குடுத்தேன். நாளு போகப்போக, காலையில பல்லு வெளக்கும்போது லேசா ஒரு கரகரப்பு கேக்கும். அது அவுக குரல்தான். திரும்பி வருது. நான் அடுப்புப் பக்கம் மொகத்தைத் திருப்பிக்கிட்டு அழுதேன்.

அவுகளுக்கு மட்டும் உள்ளுக்குள்ள வலிச்சுச்சு. ஒருநாளு சைகை காட்டி என்னைக் கிட்டக்க கூப்பிட்டு, காதுல, "என் அரக்கனுக்கு இப்ப கொழும்புக் குரலு"ன்னாக. "அந்தக் குரலு ரத்தம் துப்பாது. பேசாமக் கெடங்க"ன்னேன். அவுக சிரிச்சாக, சிரிப்புல சத்தம் இல்ல.

கதையை நாளுக்குக் கொஞ்சமா நீட்டினதால அரக்கன் அதுவரைக்கும் சாவல; அவன் சாவுற கடைசி நாளு சனிக்கிழமை. மறுநாளு காலையில குழல்காரரு பாளையங்கோட்டைக் கோயில்ல வாசிச்சாகணும். அதுக்காக ஒரு வண்டி பேசி, திரைக்குப் பின்னால தோப்புல மாடு பூட்டியே நின்னுச்சு. கிளி சாவுறதோட அவரு வேலை முடிஞ்சுச்சு. கல்யாணத்துக்கு மத்தளம் போதும். இதெல்லாம் யோசிச்சோம். ஒண்ணை மட்டும் நாங்க யாரும் யோசிக்கல.

ராசகுமாரன் கிளி கழுத்தைத் திருகினான். குழல் கத்துச்சு பாருங்க, அப்படி ஒரு சாவை நான் கேட்டதில்ல. மேல போயி, சிரட்டைக்குள்ள அடங்கி, மறுபடி எந்திரிச்சு, தாளத்தை எங்கயோ தொலைச்சிட்டுத் தேடி, ஒரு சின்னப் பிள்ளை விக்குற மாதிரி விக்கி நின்னுச்சு. அரக்கனுக்காக அந்த ஊர்ப் பொம்பளைக அழுதாக. பொம்பளைப்பிள்ளையைத் தூக்கிட்டுப் போனவனுக்காக! குழல்காரரு குழலைத் தொடைச்சாரு, எங்களைப் பாத்து ஒரு கும்பிடு போட்டாரு, பின்பக்கமா எறங்கிப் போயிட்டாரு. வண்டிச் சத்தம் தோப்புக்குள்ள போறது கேட்டுச்சு.

அவுக வழக்கப்படி கோமாளிப் பாவையை எடுத்தாக. எடுத்த கை அப்படியே நின்னுபோச்சு. என்னைப் பாத்தாக. மூச்சுக்காத்துல கேட்டாக: "யாரு வாய் செத்துச்சு?"

எனக்கு அப்பத்தான் உறைச்சுச்சு.

"நீங்க இல்ல. நீங்க வாயையே தொறக்கல. குடுங்க, கோமாளிக்கு நான் பேசுதேன்"ன்னேன்.

"நீயும் சாவலியே. செத்தது அவருல்லா. சொல்லாமப் போறாரே."

"அவரு வேதக்காரரு. அவருக்கு இந்த வழக்கம்லாம் கெடையாது. அவரு சாமி பாத்துக்கிடும்."

"திரை நம்ம திரைதானட்டி"ன்னாக.

நாலு பிள்ளை பெத்த மனுசன், நம்மளை நம்பி வந்தவரு, நம்ம திரையில செத்துட்டு வெறும் வாயாப் போறாரு, சாவு கூடவே போயிருமேன்னு அவுகளுக்குப் பயம். எனக்குப் புரியாம இல்ல. நானும் அந்த வீட்டுலதான் வாழ்ந்தேன். ஆனா எனக்கு அந்த நேரத்துல குழல்காரரு பிள்ளைக நாலும் தெரியல, ஹக்கீம் சொன்னதுதான் தெரிஞ்சுச்சு. கொழுந்தனை வண்டிக்குப் பெறகால ஓடச் சொன்னேன். அவன் மத்தளத்தைக் கழட்டதுக்குள்ள முன்னாலேருந்து ஊர்ப் பெரியவரு குரல் குடுத்துட்டாரு.

"என்னவே, செத்தவன் பேசக் காணோம்? நாங்க எந்திரிக்கவா வேண்டாமா?"

அவுக கோமாளியைக் கீழ வச்சாக. பாயில கெடந்த அரக்கனை மறுபடி எடுத்தாக. எனக்கு விளங்கிருச்சு. அந்தச் சாவை அவருகிட்டேருந்து தன் வாய்க்கு வாங்கப் போறாக. தான் செத்தாத்தானே தான் எந்திரிச்சுப் பேச முடியும். நான் அவுக கையைப் பிடிச்சேன். "வேண்டாம். ஒங்களைக் கும்பிடுதேன், வேண்டாம்"ன்னேன். மராட்டியிலயும் சொன்னேன், தமிழ்லயும் சொன்னேன். என் விரலை ஒண்ணொண்ணா, பைய, வலிக்காம எடுத்து விட்டாக.

அரக்கன் திரையில எந்திரிச்சான். சனம் "ஏ, இன்னும் சாவலடே"ன்னு கூச்சல் போட்டுச்சு. அவுக வயித்துக்கு அடியிலேருந்து அந்தக் குரலை எடுத்தாக. பல நாளாச் சேத்து வச்ச குரலு. முழுசா, ஒண்ணும் மிச்சம் வைக்காம. தோப்புல காக்காயெல்லாம் எந்திரிச்சுப் பறந்துச்சு. பாதியில உள்ள என்னமோ கிழியுற சத்தம் எனக்கு மட்டும் கேட்டுச்சு, பக்கத்துல இருந்தேன்லா. அரக்கன் விழுந்தான்.

உடனே கோமாளி. "நான் சாவல வே..." அது வரைக்கும் சத்தம் வந்துச்சு. "இங்கனதான் இருக்கேன்" வெறும் காத்தா வந்துச்சு. கோமாளி ரகசியம் பேசுதான்னு நெனச்சு ஊரு விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. பெறகு பாவைக் கல்யாணத்துக்கு வழக்கம்போல தேங்காயும் நாழி அரிசியும் கொண்டாந்து திரைக்கு முன்னால வச்சாக. நான் மங்களம் பாடினேன். அன்னைக்கு மாதிரி ஆத்திரத்தோட யாரும் மங்களம் பாடியிருக்க மாட்டாக.

மேலப்பாளையத்துக்கு மறுபடி கூட்டிக்கிட்டுப் போனேன், வராதேன்னு சொல்லியிருந்தும். ஹக்கீம் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. திட்டினாருன்னாலாவது தேவல.

அடுத்த வாரம் குழல்காரரு சிரிச்சுக்கிட்டே வந்தாரு. பாக்கெட்டுல சிரட்டை, நல்லாத் தேய்ச்சு மெருகு போட்டு வச்சிருந்தாரு. "தங்கச்சி, அந்தச் சாவை ஊரு பேசுதா?"ன்னு கேட்டாரு. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அவருக்குப் பின்னால எங்க வீட்டுக்காரக சொவத்துல சாஞ்சு உக்காந்து, ஒத்த விரலை உதட்டு மேல வச்சுக் காட்டினாக. சொல்லாதேன்னு. மனுசன் சந்தோசமா வாசிக்கட்டும்னு. குரலும் போயி, அந்தக் குரலு எதுக்குப் போச்சுன்னு சொல்லிக்கிடுற பாக்கியம் கூட எனக்கு இல்ல. "நல்லாப் பேசுதாக அண்ணாச்சி. சீமெண்ணெய்ப் பொகைதான் இவுக தொண்டையை முழுசாத் தின்னுட்டு"ன்னேன். அவரு வருத்தப்பட்டாரு, நெசமாவே வருத்தப்பட்டாரு. அவரு மேல கோவப்படவும் வழி இல்லாமப் போச்சு.

அதுக்குப் பெறகு அவரைச் சாவு வாசிக்க நாங்க விடல. சிரட்டையில உறுமட்டும், கெஞ்சட்டும், கொட்டாவி விடட்டும். கத்திச் சாகுறது மட்டும் நான். பொம்பளைக் குரல்ல அரக்கன் சாகுதான்னு மொதல்ல கேலி பேசினாக, பெறகு பழகிட்டாக. எது பழகாது? ராணியும் நான், தோழியும் நான், அரக்கன் சாவும் நான். வீட்டுல கடன்காரன் வந்தாலும் நான்தான் பேசணும், மாட்டுக்காரன் வந்தாலும் நான்தான். அவுக கேக்க நெனைக்கதையும் நானே கேட்டு, பதிலையும் நானே சொல்லுதேன். ஓஞ்சுபோச்சு எனக்கு.

இப்பவும் அறுப்பு முடிஞ்சா வண்டி பூட்டுதோம். கிளி கழுத்து திருகினதும் நான் கத்துதேன். கத்திட்டு, கண்ணு இருட்டிக்கிட்டு வரும், அப்படியே கொஞ்சம் கெடந்தா என்னன்னு இருக்கும். ஆனா பாயில கெடக்க அவுக விட மாட்டாக. கோமாளியை எடுத்து என் கையில திணிச்சிட்டு, மொகத்துக்கு நேரா வந்து குனிஞ்சு, எனக்கு முந்தியே அவுக வாயை அசைப்பாக. அந்த வாயைப் பாத்துக்கிட்டே நான் சத்தத்தைக் குடுப்பேன்: "நான் சாவல வே, இங்கனதான் இருக்கேன்."